பழைய டிராக்டர்ல கவர்னர் மந்தமா வேலை செய்யுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோடு விழுந்ததும் எஞ்சின் வேகம் இறங்கி தொங்கிப்போகுது, ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுதான் சுதாரிச்சு மேல வருது, இதுதான் பழைய வண்டி வெச்சிருக்கறவங்க திரும்பத் திரும்ப சொல்ற புகார். பாதிப் பேர் உடனே கவர்னர் (லோடு மாறினாலும் எஞ்சின் வேகத்தை நிலையா வெக்கப் பாக்கற பாகம்) ஸ்பிரிங்க திருகிடறாங்க, இல்லன்னா பம்பை கழட்டி சர்வீஸுக்கு கொடுத்துடறாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல கார்புரேட்டர்லயோ பம்புலயோ இருக்கற லிவரை பாருங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க. கீழ இருக்கற பதில் எல்லாமே இதை வெச்சுதான்.

ஆக்சிலேட்டர் லிவர் கையில இருக்கே, அப்புறம் கவர்னர் எதுக்கு?

பழைய பெட்ரோல் கார்ல கால வெச்சு அழுத்தினா நேரா பட்டர்ஃப்ளை (காத்துப் பாதைய திறந்து மூடற தட்டு) திறக்கும். டிராக்டர்ல அப்படி இல்லைங்க. நீங்க கை லிவரை இழுக்கும்போது பெரும்பாலான வண்டில ஒரு ஸ்பிரிங்கைத்தான் இழுக்கறீங்க. "இவ்ளோ ஸ்பீடு எனக்கு வேணும்"னு கவர்னருக்கு சொல்றீங்க, அவ்ளோதான். அந்த ஸ்பிரிங் ஒரு பக்கம் எரிபொருளை கூட்டப் பாக்கும், எஞ்சினோட சேர்ந்து சுத்தற வெயிட் ரெண்டும் வெளிய விரிஞ்சு இன்னொரு பக்கம் குறைக்கப் பாக்கும். ரெண்டும் எங்க சமமாகுதோ அங்கதான் எஞ்சின் நிக்கும். லோடு வந்து வேகம் குறைஞ்சா வெயிட் உள்ள சுருங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், த்ராட்டில் திறக்கும். 1788ல ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு மாட்டின குண்டு கவர்னரும் இதே தத்துவம்தான், இன்னிக்கும் பெரும்பாலான பழைய டிராக்டர் இதை வெச்சுதான் ஓடுது.

அதனால மந்தமான கவர்னர்னா என்ன அர்த்தம்னா, இந்த இழுபறி நடக்கற பாதைல எங்கயோ ஏதோ புடிக்குது, இல்ல எங்கயோ ஆட்டம் இருக்கு. பத்துல எட்டு தடவை இந்த ரெண்டுல ஒண்ணுதான்னு நான் பாத்த வரைக்கும் சொல்வேன்.

என் வண்டி கவர்னர் மந்தமா இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ரோட்டாவேட்டர் மண்ணுல இறங்கின உடனே சத்தம் அமுங்கிப்போய் கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு பாய்ஞ்சு வரும். தூக்கின உடனே எதிர்மாறா நடக்கும், லோடு இல்லாமலே ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் கத்திட்டு அப்புறம் அடங்கும். ரெண்டு பக்கமும் லேட்டா இருந்தா அது மந்தம். லோடு வரும்போது மட்டும் தொங்கிட்டு, எடுத்த உடனே ஒழுங்கா பழைய வேகத்துக்கு வந்து நிக்குதுன்னா எனக்கு கவர்னர் மேல சந்தேகம் கம்மிதான், எஞ்சின்லயே தம் இல்லாம இருக்கலாம். டைனமோ ஓட்டறவங்களுக்கு இது இன்னும் ஈஸி, பல்பு மங்கி மங்கி வெளிச்சம் வரும்.

கவர்னரா, எஞ்சின்ல பவர் இல்லையா? எப்படி பிரிச்சு பாக்கறது?

இந்த கேள்விக்குத்தான் நிறைய இடம் ஒதுக்கணும், ஏன்னா இங்க தப்பு பண்ணினா அதுக்கப்புறம் செய்ற எல்லாமே வீண்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் வண்டில ரொம்ப சுலபம். கார்புரேட்டர்ல பட்டர்ஃப்ளை ஷாஃப்ட்டோட வெளிய ஒரு சின்ன லிவர் இருக்கும், கவர்னர்ல இருந்து வர்ற ராடு அதுலதான் மாட்டியிருக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அந்த லிவரை கையால ஃபுல் ஓப்பனுக்கு தள்ளி, அந்த இடத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்குங்க. இப்ப ஒருத்தர் சீட்ல உக்காந்து லோடு போடட்டும், இன்னொருத்தர் பக்கத்துல இருந்து லிவரை மட்டும் பாக்கட்டும். பிடிஓ ஷாஃப்ட்டுக்கு (எஞ்சின் சக்திய ரோட்டாவேட்டர் மாதிரி கருவிக்கு கொடுக்கற ஷாஃப்ட்) கவர் இருக்கணும், தொங்கற துணி எதுவும் இருக்கக்கூடாது, வண்டி நகராம சக்கரத்துக்கு கட்டை வெச்சுக்குங்க. பக்கத்துல போகவே பயமா இருந்தா போனை எங்கயாவது கெட்டியா கட்டி வெச்சு ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுங்க, கண்ணால பாக்கறதைவிட அது நல்லாவே காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் தொங்கும்போது லிவர் கோட்டுக்கு வந்து நின்னுடுச்சு, ஆனாலும் வேகம் இறங்கிட்டே இருக்குன்னா கவர்னர் நிரபராதி. அது கொடுக்க வேண்டியதை முழுசா கொடுத்துடுச்சு. நீங்க பெட்ரோல் வரத்தையும் மெயின் ஜெட்டையும் பாக்கணும், அப்புறம் இக்னிஷன் பாயின்ட், டைமிங், கம்ப்ரஷன், ஏர் பில்டர். எஞ்சின் தொங்குது ஆனா லிவர் பாதிலயே நிக்குது, இல்ல ஆடி அசைஞ்சு மெதுவா போகுதுன்னா குற்றவாளி கவர்னர், இல்லன்னா கவர்னருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கற ஏதோ ஒண்ணு.

இன்னொரு சின்ன டெஸ்ட் இருக்கு. லோடு இல்லாம நடு வேகத்துல ஓட விட்டு, அந்த லிவரை விரலால கொஞ்சமா மூடற பக்கம் தள்ளி பிடிங்க, எஞ்சின் வேகம் இறங்கும், விட்டுடுங்க. நல்ல கவர்னர் டக்குனு திறந்து ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை ஊசலாடி பழைய வேகத்துல உக்காந்துடும். மெதுவா நகர்ந்து வந்தா எங்கயோ பிடிப்பு இருக்கு. திறக்கற பக்கம் மட்டும் தள்ளாதீங்க, லோடு இல்லாத எஞ்சின் எகிறிடும்.

டீசல் வண்டில பட்டர்ஃப்ளையே இல்லையே, அங்க எதை பாக்கறது?

டீசல் அளவை கூட்டிக் குறைக்கற ரேக் பம்புக்குள்ள இருக்கறதால கண்ணுக்கு தெரியாது. ஆனா புகை இருக்கே. லோடுல எஞ்சின் தொங்கும்போது கருப்பா புகை தள்ளுதுன்னா டீசல் போதுமான அளவு உள்ள போகுதுன்னு அர்த்தம், கவர்னர் தன் வேலைய செஞ்சிடுச்சு. பிரச்சனை காத்து பத்தலை, இல்ல நாசில், இல்ல டைமிங், இல்லன்னா நீங்க கொடுக்கற லோடே அந்த எஞ்சினுக்கு அதிகம். புகையே இல்லாம அமைதியா தொங்குதுன்னா டீசல் போகலை. அப்பவும் உடனே கவர்னர்னு முடிவு பண்ணக்கூடாது, டீசல் பில்டர் அடைச்சிருந்தாலும், ஃபீட் பம்பு வீக்கா இருந்தாலும், டேங்க் மூடில காத்து போற ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதை எல்லாம் முடிச்சிட்டு பம்புக்கு வாங்க.

பம்புல முதல் வேலை, கை லிவரை கடைசி வரைக்கும் இழுத்துட்டு, பம்பு மேல இருக்கற த்ராட்டில் லிவர் அதோட மேக்ஸிமம் ஸ்டாப் ஸ்க்ரூவை தொடுதான்னு பாருங்க. தொடலைன்னா நடுவுல இருக்கற கேபிளோ ராடோ நீண்டிருக்கு இல்ல தேஞ்சிருக்கு. இதை பாக்காம பம்பை கழட்டி அனுப்பினவங்களை நிறைய பாத்திருக்கேன், பம்பு நல்லபடியா திரும்பி வந்து மறுபடி அதே மந்தம்.

லோடு போட்டா எவ்வளவு வேகம் இறங்கறது நார்மல்?

கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லைங்க. வெயிட் சுருங்கினாத்தான் த்ராட்டில் திறக்கும், வேகம் குறைஞ்சாத்தான் வெயிட் சுருங்கும். அதனால இந்த மாதிரி கவர்னர்ல லோடு இல்லாத வேகமும் ஃபுல் லோடு வேகமும் ஒண்ணா இருக்கவே முடியாது. உதாரணத்துக்கு ஃபார்மால் எச் எடுத்துக்கிட்டா லோடுல 1650, லோடு இல்லாம 1815 ஆர்பிஎம். வித்தியாசம் 165, அதாவது 10 சதவீதம். உங்க வண்டில கணக்கு பாக்கறதும் இப்படித்தான், லோடு இல்லாத வேகத்துல இருந்து லோடு வேகத்தை கழிச்சு லோடு வேகத்தால வகுத்துக்குங்க. பழைய டிராக்டர்ல 10 பக்கத்துல வந்தா கவலைப்பட ஒண்ணுமில்ல, 20 வந்தா தேடணும்.

அளக்கறதுக்கு டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீங்க, இந்த வயசுல அது என்ன காட்டும்னு அதுக்கே தெரியாது. கிராங்க் புல்லில ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டி லேசர் டாக்கோமீட்டர்ல பாருங்க. அது இல்லன்னா பிடிஓ ஷாஃப்ட்டுல அளந்தாலும் போதும், எஞ்சின் எவ்ளோ ஓடினா பிடிஓ 540 வரும்னு மேனுவல்ல இருக்கும்.

ஸ்பிரிங்கை கொஞ்சம் டைட் பண்ணிட்டா சரி ஆயிடாதா?

ஆகாது. இதை அனுபவிச்சே சொல்றேன். தண்ணி பம்புக்கு போட்டிருந்த ஒரு பழைய பெட்ரோல் வண்டி, லோடுல தொங்குதுன்னு ஸ்பிரிங் அட்ஜஸ்ட்மென்ட்ல மூணு சுத்து ஏத்தினேன், லோடு இல்லாத வேகம் கிடுகிடுன்னு ஏறிடுச்சு, லோடு போட்டா பழையபடி அதே தொங்கல். ரெண்டு நாள் அப்படியே ஓட்டிட்டு, சத்தம் மனசுக்கு சரியா படாம நிறுத்தி பாத்தா, கார்புரேட்டர் லிவர்ல பின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு தேஞ்சிருக்கு, அதோட ராடு லேசா வளைஞ்சு மேனிஃபோல்டை உரசிட்டு இருக்கு. ஓட்டைய அடைச்சு திரும்ப துளை போட்டு, புது பின் மாட்டி, ராடை நிமித்தி, ஸ்பிரிங்கை பழைய இடத்துக்கே இறக்கி வெச்சேன். வண்டி ஒழுங்காயிடுச்சு.

ஸ்பிரிங் டைட் பண்றது நீங்க கேக்கற வேகத்தைத்தான் கூட்டும், கவர்னரோட சுறுசுறுப்பை கூட்டாது. பழைய கிராங்க், பழைய கனெக்டிங் ராடு இருக்கற எஞ்சினை அதோட அளவுக்கு மேல ஓட விட்டா ஒரு நாள் உள்ள இருக்கறது வெளிய வந்துடும். ஸ்பிரிங் உண்மையிலயே தளர்ந்திருந்தா, அதே வண்டிக்கான புது ஸ்பிரிங்கோட பக்கத்துல வெச்சு நீளத்தை பாருங்க, மாத்துங்க. வெட்டி சின்னதாக்கறது, கையில கிடைச்ச வேற ஸ்பிரிங்கை மாட்டறது ரெண்டும் வேண்டாம். கம்பி தடிமன் மாறினாலே கவர்னர் குணம் மாறிடும்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

வெளிய இருந்து உள்ள போங்க. காசு செலவில்லாத வேலைதான் முதல்ல.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ராடை ரெண்டு முனையிலயும் கழட்டுங்க. இப்ப மூணு பகுதியும் தனித்தனி, கார்புரேட்டர் லிவர் ஒண்ணு, ராடு ஒண்ணு, கவர்னர் ஆர்ம் ஒண்ணு. ஒவ்வொண்ணையும் விரல்ல அசைச்சு பாருங்க. பட்டர்ஃப்ளை ஷாஃப்ட் விரல் பட்டாலே போகணும், எந்த இடத்துலயும் சொரசொரப்போ தடங்கலோ இருக்கக்கூடாது. மேல திரும்பிப் பெயிண்ட் அடிச்ச வண்டிங்கள்ல பாதிக்கு இங்கதான் கோளாறு, ஸ்ப்ரே பண்ணும்போது ஷாஃப்ட், பால் ஜாயின்ட் எல்லாத்துலயும் பெயிண்ட் ஏறி ஒட்டிக்கிட்டு இருக்கும். அழகா இருக்கும், அசையாது. பெட்ரோல் பிசினும் காய்ஞ்ச கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு பசை மாதிரி ஆகியிருக்கும், அதை கார்புரேட்டர் கிளீனரோ மண்ணெண்ணெயோ போட்டு ஊறவெச்சு கழுவுங்க, கழுவினதுக்கு அப்புறம் லேசா எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் அப்பாதீங்க, திரும்ப தூசி பிடிக்கும்.

அடுத்தது ஆட்டம். பின்னை ஓட்டைல மாட்டி முன்ன பின்ன அசைச்சா எவ்ளோ சும்மா ஆடுதுன்னு பாருங்க. ஒரு ஜாயின்ட்ல அரை மில்லிமீட்டர்னா பெருசா தெரியாது, ஆனா நாலு ஜாயின்ட் இருந்தா 2 மி.மீ. ஆயிடுச்சு, கவர்னர் ஆர்ம் 2 மி.மீ. நகர்ந்ததுக்கு அப்புறம்தான் பட்டர்ஃப்ளைக்கு சேதியே போகும். அந்த நேரத்துக்குள்ள எஞ்சின் தொங்கிடும். ஸ்பிளிட் பின்னுக்கு பதிலா கட்டுக்கம்பி போட்டு ஓட்டறதை பாத்தா எனக்கு மனசு வலிக்குது, ஒரு நல்ல பின்னும் வாஷரும் போட்டா தீர்ற விஷயம்.

ராடு நேரா இருக்கா, எதையாவது உரசுதா, திரும்பி வர்ற ஸ்பிரிங் எதுலயாவது மாட்டுதா, இதை எல்லாம் கையால முழு தூரமும் நகர்த்தி பாத்தாத்தான் தெரியும், சும்மா நிக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

ராடு நீளம் எப்படி செட் பண்றது?

எஞ்சின் ஆஃப்ல கை லிவரை ஃபுல்லா இழுத்து வையுங்க. வெயிட் சுத்தலை, அதனால ஸ்பிரிங் கவர்னர் ஆர்மை ஃபுல் ஓப்பன் பக்கம் கொண்டுபோய் வெச்சிருக்கும். ராடோட கார்புரேட்டர் முனைய கழட்டிட்டு, பட்டர்ஃப்ளை லிவரை ஃபுல் ஓப்பன் ஸ்டாப்ல இடிக்கற வரைக்கும் தள்ளுங்க. இப்ப ராடு முனை அந்த ஓட்டைக்குள்ள இழுக்காம தள்ளாம தானா விழணும். விழலைன்னா லாக் நட்டை தளர்த்தி முனைய திருகி நீளத்தை மாத்துங்க. சில வண்டிக்கு கொஞ்சம் கூட்டியோ குறைச்சோ வைக்கச்சொல்லி மேனுவல்ல இருக்கும், அப்படி இருந்தா மேனுவல்படிதான். தப்பான நீளம் இருந்தா ஒண்ணு பட்டர்ஃப்ளை முழுசா திறக்காது, பவர் கிடைக்காது, இல்லன்னா முழுசா மூடாது, லோடு இல்லாதப்ப எஞ்சின் அடங்காது. லாக் நட்டை திரும்ப இறுக்க மறக்காதீங்க.

மெதுவான ரேஸ்ல ரொம்ப மோசம், ஃபுல் ரேஸ்ல பரவாயில்ல. ஏன் அப்படி?

வெயிட் தள்ற சக்தி வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும். 1200 ஆர்பிஎம்ல இருக்கற தள்ளு சக்தி 600ல பாதி இல்லைங்க, கால்வாசிதான். ஆனா லிங்க்ல இருக்கற பிடிப்பு ரெண்டு வேகத்துலயும் அதேதான். அதனால வேகமா ஓடும்போது அந்த பிடிப்பை கவர்னர் தள்ளிட்டு போயிடும், மெதுவா ஓடும்போது தள்ள தெம்பு இருக்காது. இந்த அறிகுறி இருந்தா நான் யோசிக்காம பிடிப்பைத்தான் தேடுவேன், பட்டர்ஃப்ளை ஷாஃப்ட்டையும் கவர்னர் ஆர்ம் ஷாஃப்ட்டோட புஷ்ஷையும்.

வேகம் ஏறி ஏறி இறங்குது, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது

இதை ஹன்டிங்னு சொல்வாங்க. மந்தத்தோட தம்பி மாதிரி இது, சேதி லேட்டா போறதால கவர்னர் அதிகமா திருத்தும், அப்புறம் அந்த அதிகத்தை திருத்தும், இப்படியே போகும். ஆட்டம், பிடிப்பு ரெண்டுமே காரணமா இருக்கலாம். ஆனா பெட்ரோல் வண்டில இன்னொண்ணையும் பாத்தே ஆகணும், கலவை லீனா (பெட்ரோல் கம்மியா, காத்து அதிகமா) இருந்தாலும் அச்சு அசல் இதே மாதிரி ஏறி இறங்கும். சோக்கை கொஞ்சம் இழுத்து பாருங்க, ஆட்டம் நின்னுட்டா கவர்னரை விட்டுட்டு ஜெட் அடைப்பு, மேனிஃபோல்டு கேஸ்கட்ல காத்து, தேஞ்ச பட்டர்ஃப்ளை ஷாஃப்ட் வழியா காத்து இதை எல்லாம் தேடுங்க. டீசல்ல லைன்ல ஏர் புடிச்சிருந்தாலும் ஹன்டிங் வரும், பிளீட் பண்ணி (அந்த ஏரை வெளியேத்தி) பாருங்க.

ஸ்பிரிங் மாட்டற இடத்துல வரிசையா ஓட்டை இருந்தா, ஆர்மோட சுழல் மையத்துக்கு பக்கத்து ஓட்டை கவர்னரை சுறுசுறுப்பா ஆக்கும், அதிகமா போனா ஹன்டிங் ஆரம்பிக்கும். தூரத்து ஓட்டை அமைதிப்படுத்தும், ஆனா லோடுல வேகம் அதிகமா இறங்கும். ஒரு ஓட்டை மாத்திட்டு ஓட்டி பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க, ஓட்டை மாத்தினா லோடு இல்லாத வேகமும் மாறியிருக்கும், அதையும் திரும்ப செட் பண்ணணும்.

எல்லாம் பாத்தாச்சு, வெளிய சுத்தமா இருக்கு. கவர்னரை பிரிக்கணுமா?

அப்ப பிரிக்கலாம். கழட்டறதுக்கு முன்னாடி எல்லா கோணத்துலயும் போட்டோ எடுங்க, ஸ்பிரிங் எந்த ஓட்டைல இருந்துச்சுன்னு எழுதி வையுங்க. சில எஞ்சின்ல மேக்னெட்டோ (ஸ்பார்க்குக்கு கரண்ட் கொடுக்கறது) கவர்னர் ஷாஃப்ட்ல இருந்துதான் சுத்தும், அப்படி இருந்தா கியர்ல மார்க் போடாம கழட்டினீங்கன்னா டைமிங்கும் போயிடும், ஒரு வேலை ரெண்டு வேலை ஆகும்.

உள்ள பாக்க வேண்டியது: வெயிட் ரெண்டும் ஒரே அளவு விரியுதா, பின் தேஞ்சிருக்கா, வெயிட்டோட கால் நுனி ஸ்லீவை தள்ற இடத்துல பள்ளம் விழுந்திருக்கா. இந்த பள்ளம்தான் மோசமான ஆளு. நுனி பள்ளத்துல உக்காந்துக்கும், எஞ்சின் வேகம் நல்லா மாறினாத்தான் பள்ளத்தை விட்டு ஏறும், வெளிய நீங்க எவ்ளோ சுத்தம் பண்ணினாலும் அந்த மந்தம் போகாது. த்ரஸ்ட் பேரிங்கை விரல்ல சுத்தி பாருங்க, சொரசொரன்னு இருந்தா மாத்திடுங்க. ஸ்லீவ் ஷாஃப்ட் மேல வழுக்கிட்டு போகணும், கசடு ஏறியிருந்தா பிடிக்கும். ஃபோர்டு 9என், 2என், 8என் (1939ல இருந்து 1952 வரைக்கும் வந்தது) வண்டிகள்ல வெயிட்டுக்கு பதிலா ஸ்டீல் குண்டுகள்தான், அங்க குண்டு ஓடற தட்டுல தடம் விழுந்திருக்கான்னு பாக்கணும்.

நிறைய கவர்னர்க்கு எண்ணெய் டைமிங் கியர் பக்கத்துல இருந்துதான் தெறிச்சு வரும், வர்ற ஓட்டை கசடுல அடைச்சிருந்தா புது பார்ட் போட்டாலும் திரும்ப தேயும். அந்த ஓட்டைய குத்தி சுத்தம் பண்ணிட்டு மூடுங்க.

டீசல் பம்பு உள்ள இருக்கற கவர்னர்னா என் கருத்து வேற, வீட்ல பிரிக்க வேண்டாம். சீல் வெச்ச ஸ்க்ரூக்களை கண்டிப்பா தொடாதீங்க, பம்பு டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தித்தான் அதை செட் பண்ண முடியும். இன்லைன் பம்புல நீங்க பாக்கக்கூடியது ஒண்ணு இருக்கு, சைடு கவரை எடுத்துட்டு ரேக்கை விரல்ல தள்ளி பாருங்க (எஞ்சின் ஆஃப்ல), சுலபமா போய் வரணும். கனமா இருந்தா டீசலை தள்ற பிளஞ்சர்ல ஏதோ ஒண்ணு புடிச்சிருக்கு, கவர்னர் பாவம் அதை இழுக்க முடியாம தவிக்குது.

பல மாசம் நிறுத்தி வெச்சிருந்த டீசல் வண்டி, எடுத்ததுல இருந்து மந்தம்

பழைய டீசல் காய்ஞ்சு பிசின் மாதிரி படிஞ்சிருக்கும். டிபிஏ மாதிரி ரோட்டரி பம்புல மீட்டரிங் வால்வு (டீசல் அளவை கட்டுப்படுத்தற வால்வு) ரொம்ப நுணுக்கமான ஃபிட், லேசா பிசின் பட்டாலே ஒட்டும். புது டீசல், புது பில்டர், டீசல் சிஸ்டம் கிளீனர் போட்டு கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க, நிறைய தடவை இதுலயே விட்டுடும். ரூசா மாஸ்டர் வகை பம்பு இருந்தா ரிட்டர்ன் லைன் மாட்டற ஃபிட்டிங்கை கழட்டி உள்ள பாருங்க. கருப்பா ரப்பர் துகள் மாதிரி இருந்தா, கவர்னர் வெயிட்டை தாங்கற வளையம் உதிர்ந்துட்டு இருக்கு. துகள் ரிட்டர்னை அடைச்சு எஞ்சின் மந்தமாகும், ஹன்டிங் ஆகும், நின்னுகூட போகும். துகளை சுத்தம் பண்ணினா ரெண்டு நாள் ஓடும், ஆனா பம்பு பெஞ்சுக்கு போகத்தான் வேணும், தள்ளிப்போடாதீங்க.

என் டீசல் பம்புல வெயிட்டே இல்ல, மேனிஃபோல்டுல இருந்து ஒரு சின்ன பைப் வருது

அது நியூமேடிக் கவர்னர். 1950கள்ல வந்த ஃபோர்ட்சன் மேஜர் டீசல்ல பாத்திருப்பீங்க. எஞ்சின் இழுக்கற காத்தோட வேக்கம் ஒரு டயஃப்ரத்தை இழுத்து டீசலை குறைக்கும், வேக்கம் குறைஞ்சா ஸ்பிரிங் டீசலை கூட்டும். டயஃப்ரம் தோல்ல செஞ்சதா இருந்தா காய்ஞ்சு விறைச்சுப் போகும், விரிசல் விடும்.

டெஸ்ட் இப்படி: எஞ்சின் ஆஃப்ல அந்த பைப்பை பம்பு முனைல கழட்டுங்க. ஸ்டாப் லிவரை முழுசா ஸ்டாப் பக்கம் பிடிச்சுக்கிட்டே, பைப் மாட்டற ஓட்டைய ஈர விரலால இறுக்கமா மூடுங்க. இப்ப ஸ்டாப் லிவரை விடுங்க. ரேக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நின்னா டயஃப்ரம் நல்லா இருக்கு. சரசரன்னு திரும்பி வந்துட்டா லீக். இந்த வகைல ஒரு ஆபத்து இருக்கு, டயஃப்ரமோ பைப்போ லீக் ஆனா வேக்கம் போய் டீசல் கூடும், எஞ்சின் எகிறும். அதனால பைப்பை கழட்டின நிலைமைல ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஏர் கிளீனர் அடைச்சிருந்தா நேர் எதிர், வேக்கம் அதிகமாகி டீசலை குறைச்சிடும், பாக்க மந்தம் மாதிரியே இருக்கும். ஏர் கிளீனர்லதான் ஆரம்பிக்கணும் இங்க.

ஓட்ட ஓட்ட மெதுவா வேகம் குறையுது, லிவரை திரும்ப இழுத்தா சரி ஆகுது

கை லிவர் அதிர்வுல தானா நழுவுது. லிவர்ல இருக்கற பிரிக்ஷன் வாஷர் தேஞ்சிருக்கும், பல் வெச்ச வகைன்னா பல் மழுங்கியிருக்கும். மாத்துங்க, கவர்னரை தொட வேண்டாம்.

காலைல குளிர்ல மட்டும் மந்தம், சூடானா சரி ஆகுது. இது என்ன?

எண்ணெய். கெட்டியானதோ, மாத்தாம கசடானதோ. மேனுவல்ல சொன்ன கிரேடுக்கு மாத்துங்க. கவர்னருக்கோ பம்புக்கோ தனியா எண்ணெய் இருக்கற வகைல லெவல் பிளக்கை திறந்து பாருங்க, அந்த பிளக் இருக்கறதே நிறைய பேருக்கு தெரியாது, வருஷக்கணக்கா காய்ஞ்சு ஓடும். டீசல் பம்புல அந்த எண்ணெய் தண்ணி மாதிரி இருந்தா டீசல் கலந்திருக்கு, மாத்தணும். சூடானதுக்கு அப்புறம்தான் புடிக்குதுன்னா ஷாஃப்ட்டும் புஷ்ஷும் ரொம்ப டைட், புதுசா புஷ் போட்ட வண்டில இது நடக்கும்.

வேலை பாக்கும்போது எஞ்சின் எகிறிட்டா என்ன செய்யறது?

இதை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கணும், எகிறினதுக்கு அப்புறம் யோசிக்க நேரம் இருக்காது. பெட்ரோல் வண்டில இக்னிஷன் சுவிட்ச் உண்மையிலயே ஆஃப் பண்ணுதான்னு முதல்ல பாத்துடுங்க. டீசல்ல ஸ்டாப் லிவரை இழுங்க, அது கேக்கலைன்னா காத்தை அடைக்கணும். ஏர் கிளீனர் குழாயை முன்கூட்டியே கழட்டி வெச்சு, வாய மூடற அளவுக்கு ஒரு தட்டையான பலகை கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும். கையாலயோ துணியாலயோ மூடாதீங்க, துணி உள்ள போயிடும், கை போனா கையே போயிடும். கவர்னர் ராடை கழட்டி விட்டுட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஒரு செகண்டுக்குன்னாலும் வேண்டாம்.

சரி ஆயிடுச்சுன்னு எப்படி நம்பறது?

எஞ்சினை நல்லா சூடாக்குங்க. லோடு இல்லாத வேகத்தை அளந்து மேனுவலோட ஒத்துப்பாருங்க, அதுக்கு மேல இருந்தா குறைச்சிட்டுதான் அடுத்த வேலை. அப்புறம் நீங்க வழக்கமா போடற லோடைப் போட்டு அந்த பெயிண்ட் கோட்டு டெஸ்ட்டை திரும்ப பண்ணுங்க. லோடு விழுந்ததும் லிவர் உடனே கிளம்பணும், லோடு எடுத்ததும் உடனே திரும்பணும், ஊசலாட்டம் ரெண்டு தடவைக்கு மேல இருக்கக்கூடாது. அரை மணி நேரம் வேலை செஞ்சுட்டு இன்னொரு தடவை அளங்க, லாக் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் கையால தொட்டு பாத்துட்டு, வந்த ரெண்டு வேகத்தையும் எங்கயாவது எழுதி வையுங்க, அடுத்த வருஷம் சந்தேகம் வந்தா ஒப்பிட்டுப் பாக்க அந்த நம்பர்தான் உதவும்.